‘எல்லாம் ஒண்ணுதானே’ என்று சொல்லாமல் இஸ்லாத்தைப் படிப்பது எப்படி?

நாகூரில் ஒரு நோன்பு மாதச் சாயங்காலம். அரிசி மண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாகக் குர்ஆன் மொழிபெயர்ப்பைப் புரட்டிக்கொண்டிருந்த உற்சாகம். “எப்படிப் பார்த்தாலும் எல்லா மதமும் ஒண்ணுதானே பாய்” என்றேன். நல்ல வார்த்தை சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு. அவர் பேரீச்சங்கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, “ஒண்ணுதான்னா நீங்க எதுக்கு தம்பி இதை மெனக்கெட்டுப் படிக்கிறீங்க? உங்களுடையதே போதுமே” என்றார். கோபமில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அதற்குப் பதில் கிடைக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன், இன்றும் சைவன்தான். அரபியை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆகவே மார்க்கத் தீர்ப்பு எதையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். வெளியிலிருந்து படிக்க வருகிறவர் எங்கே தொடங்கலாம், எங்கே இடறுவார், படித்தது அவரவர் நம்பிக்கைக்குள் எப்படித் திரும்பிவரும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். முஸ்லிமாகப் பிறந்து, சின்ன வயதில் ஓதப்போனதோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

1. முதலில் நிய்யத்

எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். இது என் யோசனை இல்லை. புகாரி தொகுப்பில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஹதீஸ்கள், அதாவது நபியின் சொல், செயல் பற்றிய செய்திகள், இருக்கின்றன. அவற்றில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது, செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தே என்பதுதான். தொழுகைக்கு முன்னும் நோன்புக்கு முன்னும் மனத்தில் ‘நிய்யத்’ வைப்பது இதனால்தான். வீட்டில் ஒரு கல்யாணம், பக்கத்து வீட்டு நட்பு, செய்தி பார்த்து வந்த குழப்பம், வெறும் ஆர்வம் என்று எந்தக் காரணமாகவும் இருக்கலாம். வாதத்தில் ஜெயிக்க என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படித் தொடங்கினால் தேடிய வசனம் பத்து நிமிஷத்தில் கிடைத்துவிடும். படிப்பும் அன்றோடு முடிந்துவிடும்.

முன்மாதிரி வேண்டுமென்றால் அல்-பிரூனியைப் பாருங்கள். மத்திய ஆசியாவின் குவாரிஸ்மில் 973இல் பிறந்த முஸ்லிம் அறிஞர். சமஸ்கிருதம் கற்று, பதஞ்சலி யோகத்தை அரபியில் கொண்டுவந்து, 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். இது சண்டைக்கான நூல் இல்லை, இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே வைக்கிறேன் என்று தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிடுகிறார். கருத்து வேறுபாடு இருக்குமிடத்தில் அதையும் மறைக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன் அவர் நமக்குக் காட்டிய மரியாதையை நாம் திருப்பிக் காட்டலாம்.

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் அவர்கள் சொல்வது, அவர்கள் வார்த்தையிலேயே. வலது பக்கம் அது எனக்குள் எழுப்பும் கேள்வி, உறுத்தல், சந்தோஷம் எல்லாம். இரண்டும் கலக்கக் கூடாது. என் முதல் நோட்டில் இந்தக் கோடு இல்லை. இப்போது எடுத்துப் பார்த்தால் எது குர்ஆன், எது என் பிரசங்கம் என்று எனக்கே பிடிபடவில்லை.

2. ஒரு வாரம் பாங்கை மட்டும் கேளுங்கள்

புத்தகத்துக்கு முன்னால் காது. பள்ளிவாசல் பக்கத்தில் இருந்தால் ஒரு வாரத்துக்கு ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும் நேரத்தைக் குறித்துவையுங்கள். சுபுஹு, லுஹர், அஸர், மக்ரிப், இஷா. இவை கடிகாரத்தோடு கட்டப்பட்டவை அல்ல, சூரியனோடு கட்டப்பட்டவை. அதனால் மார்கழியில் ஒரு நேரம், ஆனியில் ஒரு நேரம். மோதினார் விடிகாலையில் சொல்லும் பாங்கில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது. பொருள் தெரியாமல் இருபது வருடம் அந்தச் சத்தத்தில் புரண்டு படுத்தவன் நான். தெரிந்த மறுநாள் அது கேட்ட விதமே வேறு.

கடமையான தொழுகை ஒரு நாளைக்கு 2, 4, 4, 3, 4 என்று மொத்தம் 17 ரக்அத். நிற்பது, குனிவது, நெற்றியைத் தரையில் வைப்பது எல்லாம் சேர்ந்த ஒரு சுற்று ஒரு ரக்அத். ஒவ்வொரு ரக்அத்திலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்-ஃபாத்திஹா ஓதப்படுகிறது. ஏழே வசனம். புகழ், அருள், தீர்ப்பு நாள், பிறகு ‘எங்களை நேரான வழியில் நடத்துவாயாக’ என்ற வேண்டுதல். மண்டி பாய் போன்ற ஒருவர் ஐம்பது வருடமாக இதைத் தினம் பதினேழு முறைக்குக் குறையாமல் சொல்லிவந்திருக்கிறார். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

3. நம் சொற்களைக் கவனியுங்கள்

பயப்படும் அளவுக்கு அரபி தேவையில்லை. தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவற்றுக்குத் தமிழிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் எல்லாம் தமிழ். நோன்பு என்றால் நமக்குப் பாவை நோன்பும் நினைவுக்கு வரும். பள்ளி ஒரு காலத்தில் சமணரும் பௌத்தரும் தங்கிய இடத்தின் பெயர். பாங்கு மட்டும் பாரசீகத்திலிருந்து வந்தது.

இவற்றில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் ‘ஓது’. குர்ஆனில் முதலில் இறங்கியதாகச் சொல்லப்படும் வசனங்கள் 96ஆம் அத்தியாயத்தின் முதல் ஐந்து. அவற்றின் முதல் சொல்லான ‘இக்ரஃ’வைத் தமிழில் ‘ஓதுவீராக’ என்றுதான் பெயர்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் தேவாரம் பாடுபவரும் ஓதுவார்தான். மனத்தில் இருப்பதை வாயால் எழுப்பிக் காதில் விழவைப்பது ஓதுதல். கண்ணால் மட்டும் படிப்பது அதற்கு ஈடாகாது.

4. குர்ஆனை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள்

புதியவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் கவிழ்கிறார்கள். 114 அத்தியாயங்களும் கால வரிசையில் இல்லை. சுமார் 23 வருடங்களில் மக்காவிலும் மதீனாவிலும் இறங்கியவை, ஏறக்குறைய நீளமானது முன்னாலும் குட்டையானது பின்னாலுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் அத்தியாயம் அல்-பகரா 286 வசனம். சட்டம், வரலாறு, வாதம், கடன் பத்திரம் எழுதும் முறை வரை அதில் உண்டு. நாவல் படிக்கிற பழக்கத்தோடு அதற்குள் நுழைந்தவர் நாற்பதாவது வசனத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். நான் மூடினேன்.

எனக்குப் பலித்த வரிசை இது. முதலில் ஃபாத்திஹா. பிறகு நேரே கடைசி முப்பதாம் பாகம், 78 முதல் 114 வரை. சிறிய அத்தியாயங்கள், மூச்சு வாங்கும் வேகம், விண்ணும் மலையும் நட்சத்திரமும் சாட்சிக்கு நிற்கும் வரிகள். அடுத்து 12ஆம் அத்தியாயம் யூசுஃப். 111 வசனத்தில் ஒரே கதை தொடர்ச்சியாக ஓடும். பிறகு 19, மர்யம். குர்ஆனில் பெயர் சொல்லப்படும் ஒரே பெண் இயேசுவின் தாய் மர்யம்தான். கிறிஸ்தவ நண்பர்கள் பலருக்கு இது தெரியாது. 49ஆம் அத்தியாயத்தில் 13ஆம் வசனத்தையும் விடாதீர்கள்: மக்களைப் பல சமூகங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக. இவ்வளவுக்கும் பிறகு பகராவுக்கு வாருங்கள். அது வேறு புத்தகமாகத் தெரியும்.

மொழிபெயர்ப்பு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். அப்துல் ஹமீது பாகவியின் பழைய மொழிபெயர்ப்பையும் பின்னால் வந்த ஏதேனும் ஒன்றையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது மொழிபெயர்ப்பாளர் சேர்த்த விளக்கம்; மூலத்தில் இல்லாதது. இரண்டு பேரும் எங்கே வெவ்வேறு அடைப்புக்குறி போடுகிறார்கள் என்று பார்த்தாலே, எந்த வசனத்தில் விளக்க வேறுபாடு இருக்கிறது என்று புரிந்துவிடும்.

போர் பற்றிய வசனங்களை யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள், அல்லது அனுப்புவார்கள். ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சேர்த்துப் படிக்காமல் எந்த வசனத்தைப் பற்றியும் பேசுவதில்லை. அதிகம் சுற்றுவது 9:5, அதாவது 9ஆம் அத்தியாயத்தின் 5ஆம் வசனம். அதற்கு முந்திய வசனம், ஒப்பந்தத்தை முறிக்காதவர்களுக்கு விலக்குத் தருகிறது. பிந்தியது, இணைவைப்பவர் (இறைவனோடு வேறு தெய்வங்களையும் வணங்குபவர்) ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், பிறகு அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறது. இப்படிப் படித்தால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. தீராதது வலது பக்கத்துக்குப் போகட்டும், மார்க்க அறிஞரான ஆலிம் ஒருவரிடம் கேட்க.

புத்தகத்தைத் தரையில் வைக்காதீர்கள், காலருகே வைக்காதீர்கள். அரபி மூலம் உள்ள பிரதியை ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் சுத்தம்) இல்லாமல் தொடமாட்டார்கள். நண்பர் வீட்டில் இருந்தால் கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

5. நபியின் வாழ்க்கை

தேதிச் சட்டகம் சிறியதுதான். 570 வாக்கில் மக்காவில் பிறப்பு, 610இல் ஹிரா குகையில் முதல் வசனங்கள், 622இல் மதீனாவுக்கு ஹிஜ்ரத் என்னும் இடப்பெயர்வு, 630இல் மக்கா வெற்றி, 632இல் மறைவு. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வசனம் மக்காவில் ஒடுக்கப்பட்ட சிறு கூட்டத்தை நோக்கியதா, மதீனாவில் ஊரை நடத்தும் சமூகத்தை நோக்கியதா என்று புரியும்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் நிறுத்திப் படியுங்கள். மக்காவின் கொடுமை தாங்காமல் முதல் முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் கடல் கடந்து அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியப் பகுதி) போனார்கள். அங்கே அரசர் நஜ்ஜாஷி, கிறிஸ்தவர். அவர்களைத் திருப்பி அனுப்பும்படி மக்காவிலிருந்து ஆளும் வந்துவிட்டது. சபையில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் எழுந்து மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓத, அரசர் அழுதார், அடைக்கலம் தந்தார் என்பது வரலாற்று மரபு. அடுத்த நாள் நடந்ததைத்தான் பலர் சொல்வதில்லை. ஈசாவை (இயேசுவை)ப் பற்றி இவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள் என்று மக்காக்காரர்கள் மூட்டிவிட, ஜஅஃபர் மழுப்பவில்லை. ஈசா இறைவனின் அடிமை, தூதர், மர்யமுக்கு அருளப்பட்ட சொல் என்று தங்கள் நம்பிக்கையை அப்படியே சொன்னார். அரசர் அப்போதும் அவர்களைக் கைவிடவில்லை. வேறுபாட்டை ஒளித்துவைத்துப் பெற்ற அடைக்கலம் இல்லை அது. மண்டி பாய் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோனது இந்த இடம்தான்.

தமிழில் இன்னொரு வாசல் இருக்கிறது: உமறுப் புலவரின் சீறாப்புராணம். பதினேழாம் நூற்றாண்டு, 5,027 பாடல்கள். அரபு நாட்டை அவர் மழையும் ஆறும் வயலுமாகப் பாடுவார். பாலைவனத்தில் ஏது இதெல்லாம் என்று கேட்காதீர்கள். காப்பியம் என்றால் நாட்டுப் படலம் வேண்டுமே! வரலாறாக அல்ல, ஒரு தமிழர் தம் நபியை எவ்வளவு நேசித்தார் என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

6. ஆட்களிடம் போங்கள், ஆனால் கேள்வியை மாற்றிக்கொண்டு

‘இஸ்லாத்தில் ஏன் இப்படி?’ என்று கேட்டால், எதிரே இருப்பவர் உலகம் முழுவதற்கும் வக்கீலாக வேண்டியிருக்கும். பாவம், அவர் சைக்கிள் கடை வைத்திருப்பவராக இருப்பார். ‘நீங்கள் நோன்பு வைக்கும்போது மத்தியானம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார். சட்டம், கோட்பாடு சம்பந்தப்பட்டதைப் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் கேளுங்கள்.

பள்ளிவாசல் பார்க்க வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள். ஜும்ஆ தொழுகைக் கூட்டத்தில் உங்களைக் கவனிக்க ஆளிருக்காது. சாதாரண நாளில் அஸருக்குப் பிறகு நல்ல நேரம். நிர்வாகியான முத்தவல்லியிடமோ ஹஜ்ரத்திடமோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முட்டிக்குக் கீழே மறைக்கும் உடை, வாசலில் செருப்பு, தொழுகிறவருக்குக் குறுக்கே நடக்காமை. பெண்கள் கண்டிப்பாக முன்பே விசாரியுங்கள். நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்களுக்கு இடமில்லை, சிலவற்றில் தனி இடம் உண்டு. இது என் வலது பக்கத்தில் இன்னும் இருக்கும் விஷயம். முஸ்லிம் பெண்கள் சிலரும் அதையே சொல்கிறார்கள்.

ரமலானில் ஒரு நாள் நோன்பு இருந்து பாருங்கள். விடிகாலைச் சாப்பாடான சஹர் முடிந்ததிலிருந்து மக்ரிப் வரை தண்ணீரும் கிடையாது. பசி பெரிதில்லை. மூன்று மணிக்கு வரும் எரிச்சல்தான் பெரிது. அந்த நேரத்தில் யாரிடமாவது சிடுசிடுத்துவிட்டு, நோன்பு வயிற்றுக்கு மட்டும் இல்லை போலிருக்கிறதே என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். சந்திர ஆண்டு 354 நாள் என்பதால் ரமலான் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும். சித்திரை வெயிலிலும் வரும், கார்த்திகை மழையிலும் வரும்.

7. உள்ளே பல குரல்கள்

ஒருவரிடம் கேட்டதை ‘இஸ்லாம் சொல்கிறது’ என்று எழுதாதீர்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட மரபு) அதிகம். உள்நாட்டு ராவுத்தர்களிடம் ஹனஃபி. தொழுகையில் கை கட்டும் இடமே மாறும்: ஹனஃபிகள் தொப்புளுக்குக் கீழே, ஷாஃபிகள் மேலே நெஞ்சுக்குக் கீழே. ஹனஃபிகளின் அஸர் சற்றுப் பிந்தும். ஷாஃபிகள் சுபுஹில் குனூத் என்ற வேண்டுதலை ஓதுவார்கள். இரு தரப்பும் ஒருவர் பின்னால் ஒருவர் நின்று தொழுதுகொண்டுதான் இருக்கிறார்கள்.

தர்கா விஷயம் இன்னும் சூடானது. நாகூரில் தர்காவின் ஐந்து மினார்களில் உயரமானதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர். கந்தூரி விழாவுக்கு வருபவர்களில் இந்துக்கள் ஏராளம், மொட்டை போடுவதும் உண்டு. மத நல்லிணக்கம் என்றால் மேடையில் இதைத்தான் சொல்வோம். ஆனால் அதே ஊரில், தர்காவில் வேண்டுவது மார்க்கத்துக்கு உடன்பாடானதில்லை என்று உறுதியாகச் சொல்லும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். நமக்குப் பிடித்தவரை மட்டும் ‘நல்ல முஸ்லிம்’ ஆக்கிக்கொள்வது படிப்பல்ல. இருவர் வாதத்தையும் இடது பக்கத்தில் எழுதுங்கள்.

8. இப்போது உங்கள் வீட்டுக்கு

112ஆம் அத்தியாயம் நான்கே வசனம். அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்கிறது. முதலில் படித்தபோது துள்ளினேன். எங்கள் சிவனும் பிறப்பு இறப்பு இல்லாதவர்தானே! ஹஜ்ரத் ஒருவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாங்க அவனுக்கு எந்த உருவமும் வைக்கிறதில்லைங்க. நீங்க லிங்கத்துக்கு முன்னால நிக்கிறப்ப எதைப் பார்க்கிறீங்க?” என்றார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நாற்பது வயதில், தினம் திருநீறு பூசுகிறவனிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து சைவ சித்தாந்தத்தை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்று சொல்கிறார்கள், லிங்கம் அருவுருவம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. ஒற்றுமை என்னைச் சும்மா தடவிக்கொடுத்தது, வேறுபாடுதான் புத்தகத்தை எடுக்க வைத்தது. குர்ஆன் பிரதியில் வரிக்கு மேலே சின்ன எழுத்துகள் இருக்கும். ‘மீம்’ இருந்தால் நிறுத்தியாக வேண்டும், ‘லா’ இருந்தால் நிறுத்தக் கூடாது. ஒரு பத்து வயதுப் பையன் விரல் வைத்து அதைக் காட்டிக் கொடுத்த பிறகுதான், நான் தேவாரத்தை எங்கே மூச்சுவிட்டு எங்கே சீர் பிரித்துச் சொல்கிறேன் என்று யோசித்தேன். தப்புத் தப்பாகத்தான். எங்கள் ஓதுவாரிடம் போய் ஒரு பதிகத்தைப் பண்ணோடு திரும்பக் கற்றுக்கொண்டேன்.

வைணவருக்கு இந்தக் கேள்வி அவதாரத்தில் வரும், கிறிஸ்தவருக்கு ‘மகன்’ என்ற சொல்லில். சார்லஸ் த ஃபூக்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி இளமையில் நம்பிக்கையைத் தொலைத்தவர். 1883-84இல் மொராக்கோவில் சுற்றியபோது முஸ்லிம்கள் தொழுவதைப் பார்த்து ஆடிப்போனார். முஸ்லிம் ஆகவில்லை, 1886இல் தம் கத்தோலிக்கத்துக்குத் திரும்பினார். பிறகு சஹாராவில் துவாரெக் மக்களோடு வாழ்ந்து, அவர்கள் மொழிக்கு அகராதி தொகுத்து, 1916இல் அங்கேயே கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று நம் தேவசகாயம் பிள்ளையோடு ஒரே மேடையில் புனிதர் பட்டம் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

முஸ்லிம் வீட்டில் பிறந்தவருக்கு இந்தக் கட்டம் இன்னும் எளிது. மனப்பாடமாகத் தெரியும் சூராக்களில் (அத்தியாயங்களில்) ஐந்தை எடுத்து, சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்துகொண்டு, ஒரு வாரம் அவற்றையே தொழுகையில் ஓதுங்கள். ஒரு நண்பர் அப்படிச் செய்துவிட்டு, “இத்தனை வருஷமா தபால்காரன் மாதிரி கவரை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துக்கிட்டிருந்தேன்” என்றார்.

நோன்புக் கஞ்சிக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால். சில ஊர்களில் கொத்துக்கறியும் உண்டு. சைவம் சாப்பிடுபவர் முன்பே கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் வரிசை நிற்கும். தூக்குவாளியோடு போய் நின்றால் ஊற்றுவார்கள், எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. மூடி மட்டும் இறுக்கமானதாக இருக்கட்டும். நான் முதல் தடவை வாங்கிய கஞ்சியில் பாதி, நாகூரிலிருந்து வரும் வழியில் சைக்கிள் ஹேண்டிலிலேயே போய்விட்டது.